கைடு அறையில் நாற்காலி

போன ஞாயிறு கிரிவலப் பாதை டீக்கடையில் ஒரு தங்கச்சி சான்றிதழ் ஒன்றைக் காட்டினாள். எங்கள் தெருவிலிருந்து எம்.டி. வரை போன முதல் ஆள். சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிரிமருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி அது. ஆங்கில வீடியோ பாடம், கடைசியில் தேர்வு. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு 2022 விதிகள் இதைக் கேட்டன. 2023 விதிகளின்படி முதுநிலை மாணவர்களும் ஆராய்ச்சி முறையியல் படித்தாக வேண்டும்.

"பாஸ் பண்ணிட்டேண்ணா. ஆனா கைடு ரூம்ல எனக்கு நாற்காலி கிடையாது" என்றாள்.

ஆறு மாசம் வெளிநோயாளிப் பிரிவில் நின்று ரத்தம் எடுத்து, படிவம் நிரப்பியது இவள். கட்டுரையில் பேர் வந்தது வேறு நாலு பேருக்கு. கேட்டதற்கு, "நீ எழுதலையேம்மா" என்றாராம். எழுதக் கூப்பிட்டால்தானே எழுதுவாள்? சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழுவின் விதியே, தரவு திரட்டி முக்கியப் பங்கு செய்தவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்கணுமே! பயிற்சி முடித்தவளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு வங்கி குமாஸ்தா வேண்டியிருக்கிறது.

எங்கள் வங்கித் துறையில் பதவி உயர்வுத் தேர்வுக்கு முன் எஸ்.சி., எஸ்.டி. ஊழியருக்குத் தனிப் பயிற்சி உண்டு. பக்கத்து சீட்டுக்காரன் கேலி பேசுவான், பேசட்டும். சுற்றறிக்கை இருக்கிறது, காட்டிக் கேட்கலாம். ஆராய்ச்சியில் எதைக் காட்டிக் கேட்பது? எந்தக் கேள்வியை எடுப்பது, நெறிமுறைக் குழுவுக்கு என்ன பதில் எழுதுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, இதெல்லாம் கைடு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லித் தரப்படுகிற பாடம். அந்த மேசைக்கு யார் கூப்பிடப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஆசிரியர்களாலும் விடுதியிலும் ஒதுக்கப்பட்டதை 2007-இல் தோரட் குழு அறிக்கையாகவே எழுதி வைத்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் உயர்சிறப்பு ஆசிரியர் பதவிகளில் இடஒதுக்கீடு கூடாது என்றது. அப்புறம் கைடு எங்கிருந்து வருவார்?

ஆனால் ஆராய்ச்சிக்கு நம் உடல் மட்டும் வேண்டியிருந்தது. சென்னைக் காசநோய் ஆய்வில் 1956 முதல் மருந்து தின்று, கோழை கொடுத்தவர்கள் நகரத்து ஏழைகள். சானடோரியக் கட்டில் வேண்டாம், குடிசையிலிருந்தே குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்கு நிரூபித்தவை அந்த உடல்கள். செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் லட்சக்கணக்கான கிராமத்து ஜனங்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்ததும் அவர்களால்தான். மருத்துவத்துக்கு இவை பெரிய கொடை, மறுக்கவில்லை. அளக்கப்பட்டவன் பிள்ளை அளக்கும் கோலைக் கையில் எடுக்க வந்தால் மட்டும் ஏன் கதவு சாத்துகிறது?

கைடு ஒதுக்கீட்டுப் பட்டியலைக் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டு. ஆய்வு தொடங்குமுன்னே யார் பேர் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடு, அதைத் தமிழிலும் கொடு. இந்த மூன்றையும் மாணவர் தோழர்கள் மனுவாக்கிக் கல்லூரி கல்லூரியாகக் கொடுக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று அவளே முன்வந்திருக்கிறாள். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, நம் படிப்பகத்தில் புள்ளியியல் வகுப்பு. நர்சிங், பார்மசி மாணவர்களும் வரலாம். நோட்டுப் புத்தகம் கொண்டுவரவும். டீ உண்டு.