மாசியில் 'மிதமான மழை' என்றால் எவ்வளவு?



சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று போய்விடும் என்பார்கள். பனி போவதில் நம் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பனி விலகுகிற இதே மாசியில்தான், பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் முற்றி அறுப்புக்கு நிற்கிறது.

இந்தச் சமயத்தில் செய்தியில் ஒரு வரி வரும். "வளிமண்டல கீழடுக்கு சுழற்சி காரணமாக, தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு." டவுனில் இருக்கிற நாம் குடைகூட எடுக்க மாட்டோம். வயல் வைத்திருப்பவருக்கு அந்த வரி அவ்வளவு லேசானது அல்ல. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாடம் நடத்திப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ஊத்திலும் நாலுமுக்கிலும் கொட்டும். அதே நாளில் பாளையங்கோட்டையில் வெயில் அடிக்கும். நம் வயல் எந்தப் பக்கம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காக வானிலைக்காரர்களைத் திட்டுவது நியாயமில்லை.

அடுத்த சொல்தான் முக்கியம். வானிலைத் துறைக் கணக்கில் 'மிதமான மழை' என்பது 24 மணி நேரத்தில் சுமார் 1.5 செ.மீ. முதல் 6.4 செ.மீ. வரை. 6 செ.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 20 லாரி! முற்றிய கதிர் சாய இது போதும். சாய்ந்த கதிர் ஈரத்திலேயே கிடந்தால் முளைத்துவிடும். வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிக்குக் கூடுதல் வாடகை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கவும் மாட்டார்கள்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் நடந்தது நினைவிருக்கும். இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலத்தால் பெய்த மழையில், அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 8,000 ரூபாய்தான்.

என் கருத்து இதுதான். மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை எல்லாம் கனமழைக்குத்தான். ஆனால் அறுப்பு மாதத்தில் மிதமான மழையே விவசாயிக்குக் கனமழை. மாசி, பங்குனியில் மட்டுமாவது மாவட்ட நிர்வாகம் அதை 'அறுவடை எச்சரிக்கை' என்று ஊர் ஊராக அறிவிக்க வேண்டும். கொள்முதல் நிலையங்களில் தார்ப்பாய் முதல் நாளே வந்திருக்க வேண்டும். மூட்டை நனைந்த பிறகு வந்து என்ன பயன்?

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் விவசாயிகளுக்கென்றே வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. 'மேகதூத்' செயலியில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். வாரம் இரண்டு முறை நீங்கள் பார்த்துவிட்டு ஒரு போன் போடுங்கள். "அப்பா, இரண்டு நாள் கழித்து மழை இருக்காம், அறுப்பு மிஷினுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்று சொன்னால் போதும். நான்கு மாத உழைப்பு வீடு வந்து சேர அந்த ஒரு நிமிடம் உதவும்.

வயல் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்