காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாத மோட்டார்

வீட்டுப் பட்டறையில் சிறிய சிஎன்சி மில்லிங் மிஷின் கட்ட இறங்குபவருக்குப் பழைய ஸ்டெப்பர் மோட்டார் ஒரு வரப்பிரசாதம். பழுதாகி ஒதுக்கப்பட்ட ஜெராக்ஸ் மிஷினிலும் பிரின்டரிலும் அது கிடைக்கும். சிக்கல் தொடங்குவது வயரில்தான். மோட்டாரிலிருந்து ஆறு வயர் தொங்குகிறது, சிலவற்றில் எட்டு. வாங்கி வைத்திருக்கும் டிரைவில் மோட்டாருக்கென்று இருப்பதோ நாலே முனை.

அப்போது விசாரித்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "ஆறு வயரும் எட்டு வயரும் அந்தக் காலத்துச் சரக்கு. இன்றைய டிரைவுக்கு ஒத்துவராது. தூக்கிப் போட்டுவிட்டு நாலு வயர் மோட்டார் வாங்குங்கள்." இதற்கு அவர்கள் நாலு காரணம் சொல்வார்கள். நான்கையும் தனித்தனியே சோதித்தால் எதுவும் தேறாது.

முதல் காரணம், மிச்ச வயருக்கு டிரைவில் இடமில்லை என்பது. அந்த வயர் ஏன் வந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். இந்த மோட்டார்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய வேண்டிய காயில்கள் இரண்டுதான். ஒரு காயிலில் மின்சாரத்தைத் திசை திருப்ப நாலு டிரான்சிஸ்டர் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து எட்டு. காயிலின் நடுவில் ஒரு வயரை வெளியே எடுத்து, ஒரு சமயம் இந்தப் பாதி, மறுசமயம் அந்தப் பாதி என்று ஓட்டினால் நாலே டிரான்சிஸ்டரில் வேலை முடியும். டிரான்சிஸ்டர் விலை கூடிய காலத்தில் அது நல்ல சிக்கனம். இன்றைக்கு ஏ4988 போன்ற, நகத்தளவுகூட இல்லாத ஒரு சிப்புக்குள் எட்டும் அடங்கிவிட்டன. ஆகவே ஆறு வயரில் நடு வயர் இரண்டையும் விட்டுவிட்டு, முனை வயர் நான்கை டிரைவில் இணைத்தால் மோட்டார் ஓடும். எட்டு வயரில் நடுவே இணைப்பே கிடையாது. நாலு பாதிக் காயில்கள் தனித்தனியாக வெளியே வருகின்றன. எப்படிச் சேர்ப்பது என்ற உரிமை மிஷின் கட்டுபவர் கையில் இருக்கிறது. நாலு வயர் மோட்டாரில் அந்த உரிமை கிடையாது.

ஐந்து வயர் மோட்டார் விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வது சரி. அதில் நடு வயர் இரண்டும் உள்ளேயே ஒன்றாக்கப்பட்டிருக்கும். 28பிஒய்ஜே-48 என்ற சின்ன மோட்டார் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் மில்லிங் மேஜையை நகர்த்த அதை யாரும் மாட்டப் போவதில்லை.

இரண்டாவது காரணம், பாதிக் காயில்தான் வேலை செய்யும், இழுவை குறையும் என்பது. உண்மை இதற்கு நேர்மாறானது. பழைய ஒருதிசை டிரைவில்தான் எந்நேரமும் பாதிக் காயில் சும்மா கிடந்தது. லேபிளில் 2 ஆம்பியர் என்று போட்ட எட்டு வயர் மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய மோட்டார்களில் பெரும்பாலும் அந்த அளவு பாதிக் காயிலுக்கானது. இரு பாதிகளையும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ரெசிஸ்டன்ஸ் இரட்டிக்கும். அதே சூட்டுக்கு 1.4 ஆம்பியர்தான் விடலாம். ஆனால் சுற்றுகள் இரண்டு மடங்கு என்பதால் காந்தப்புலம் 1.4 மடங்காகிறது. பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக இணைத்தால் 2.8 ஆம்பியர் விடலாம். அப்போதும் கணக்கு அதே 1.4 மடங்குதான். மெதுவாகச் சுழலும்போது, எந்த வழியில் இணைத்தாலும், பழைய முறையைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் இழுவை.

வித்தியாசம் வேகத்தில் தெரியும். காயிலில் மின்சாரம் ஏறுவதைத் தடுக்கும் குணமான இண்டக்டன்ஸ், சுற்றுகளின் வர்க்கத்தில் கூடும். அதனால் சீரியஸில் அது பேரலலைப் போல நாலு மடங்கு. வேகம் ஏற ஏற இழுவை சட்டென்று சரியும். வேகமாக ஓட வேண்டிய எக்ஸ் அச்சுக்குப் பேரலலும், அதற்கேற்ப டிஎம்542 போன்று 4.2 ஆம்பியர் வரை தரும் டிரைவும் பொருத்தம். கையில் ஏ4988தான் இருக்கிறதென்றால் சீரியஸே வழி, அதற்கு 1.4 ஆம்பியர் போதும். ஆறு வயரில் வேகம் வேண்டுவோர் நடு வயரையும் ஒரு முனையையும் மட்டும் இணைத்து, லேபிளில் உள்ள முழு ஆம்பியரை விடலாம். மெதுவேக இழுவை குறைந்தாலும் மேல்வேகத்தில் அது தாக்குப்பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த அமைப்பில் சும்மா விட்ட முனையில், டிரான்ஸ்பார்மர் போலச் சப்ளையின் இரண்டு மடங்கு வோல்ட் எழும். 36 வோல்ட் கொடுத்தால் அங்கே 72. ஒவ்வொரு சும்மா வயருக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூட வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது காரணம் கேட்பவரை நிஜமாகவே பயமுறுத்துவது: லேபிளில் 3 வோல்ட் என்றிருக்கும் மோட்டாரை 36 வோல்ட்டில் போட்டால் எரியும். அந்த 3 வோல்ட், 1 ஓம் காயிலில் 3 ஆம்பியர் நிலையாக ஓடும்போது விழும் அழுத்தம், அவ்வளவுதான். இன்றைய டிரைவ் ஆம்பியரைத்தான் கட்டுப்படுத்துகிறது. குறித்த அளவைத் தொட்டதும் மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. 5 மில்லிமீட்டர் பால் ஸ்க்ரூவில் மேஜை நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட, மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்ற வேண்டும். சுற்றுக்கு 200 ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்புக்குக் கிடைப்பது அரை மில்லிவிநாடி. இண்டக்டன்ஸ் 2.5 மில்லிஹென்றி என்று கொண்டால், 3 வோல்ட்டில் அந்த நேரத்துக்குள் ஏறுவது சுமார் அரை ஆம்பியர். 36 வோல்ட்டில் 0.22 மில்லிவிநாடியிலேயே 3 ஆம்பியரும் ஏறிவிடும். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் அழுத்தத்தைச் சேர்த்தால் 3 வோல்ட்டின் நிலைமை இன்னும் மோசம்.

மேல் எல்லை இல்லாமலில்லை. கெக்கோடிரைவ் நிறுவனம் சொல்லும் கைக்கணக்கு எளிது: மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் சப்ளையின் உச்ச வோல்ட் வரும். மேற்சொன்ன காயிலுக்கு அது 50 வோல்ட் சொச்சம்.

கடைசிக் காரணம், வயர் நிறங்கள் குழப்பும் என்பது. குழப்பம் உண்மைதான். வெக்ஸ்டா ஆறு வயர் மோட்டாரில் கறுப்பு ஒரு முனை வயர். ஸ்லோ-சின் மோட்டாரில் அதே கறுப்பு நடு வயர். ஆனால் நாலு வயர் மோட்டாரும் நிற விஷயத்தில் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. இரண்டுக்கும் தேவை ஒரு மல்டிமீட்டர். ஆறு வயரில் முனைக்கு முனை 2 ஓம் காட்டினால் நடுவுக்கு 1 ஓம் காட்டும்.

எட்டு வயருக்கு இன்னும் ஒரு படி வேண்டும். மீட்டரில் நாலு ஜோடிகளைப் பிரித்தபின், இரண்டு ஜோடியைச் சீரியஸில் இணைத்து, மோட்டார் தண்டை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றி ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். ஒரு ஜோடியைப் போல இரண்டு மடங்கு வந்தால் இரண்டும் ஒரே காயிலின் பாதிகள், சேர்த்த விதமும் சரி. ஏறத்தாழ பூஜ்யம் என்றால் பாதிகள் சரி, ஒன்று தலைகீழ். 1.4 மடங்கு என்றால் இரண்டும் வேறு வேறு காயில். இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தலைகீழாகச் சேர்த்த பாதிகள் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிட, மோட்டார் நகராது, மின்சாரம் கட்டுமீறி ஏறி டிரைவ் பழுதாகலாம்.

எல்லாம் சரியாக இருந்து மேஜை எதிர்ப்பக்கம் ஓடினால், ஏதாவது ஒரு காயிலின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினால் போதும். பவரை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மின்சாரம் ஓடும்போது வயரைப் பிடுங்கினால் காயிலிலிருந்து கிளம்பும் வோல்ட் வீச்சு டிரைவையே பலி வாங்கிவிடும்.