வராத விருந்தாளிக்கு ஒரு படுக்கையறை

சென்னையில் தனி ஆள் குடியேறப்போகும் அடுக்குமாடி வீட்டுக்கு மரவேலை அளவெடுக்க வரும் ஆசாரி, டேப்பை நீட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: “ஃபேமிலி எப்ப சார் வர்றாங்க?” அப்படி யாரும் வரப்போவதில்லை என்றால் அவர் நம்புவதில்லை. “எதுக்கும் இருக்கட்டும்” என்று இரண்டு அறைகளிலும் ஆளுயர அலமாரி, மேலே லாஃப்ட், கூடத்தில் ஆறு பேர் உட்காரும் மேசை என எழுதிக்கொண்டே போவார். அவர்மேல் குற்றமில்லை. கூட வந்திருக்கும் அக்காவும் அத்தையும் அதைத்தான் சொல்கிறார்கள். இன்டீரியர் நிறுவனத்துக்குப் போனாலும் கணினித் திரையில் அதே படம்தான். தனி ஆளின் வீடு, அங்கே குடியிருக்காதவர்களின் வசதிக்காகத் திட்டமிடப்படுகிறது. குடியிருப்பவர் மிச்சமுள்ள இடத்தில் ஒண்டிக்கொள்கிறார்.

இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. தனி ஆளிடம் இருப்பது ஒரே ஒரு சம்பளம், அல்லது ஒரே ஒரு ஓய்வூதியம். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு பிளைவுட்டுக்கும் லேமினேட்டுக்கும் போய்விட்டால், தனியாக வாழ்பவருக்கென்றே தேவைப்படும் வேலைகளுக்குக் கடைசியில் காசு மிஞ்சாது. அந்த வேலைகளில் பலவும் சுவருக்குள் மறைபவை. சில, உயிர் சம்பந்தப்பட்டவை.

தனி ஆள் என்றதும் நமக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கல்யாணமாகாத பையன்தான் இன்னும் நினைவுக்கு வருகிறான். இன்றைய பட்டியல் அதைவிட நீளம். ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விவாகரத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு வீடு வாங்கிக்கொண்ட ஆசிரியை, கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்த வங்கி அதிகாரி, பிள்ளைகள் கடல் கடந்துவிட மயிலாப்பூர் வீட்டில் ஒற்றையாக இருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாள் எல்லோரும் இதில் சேர்த்தி. 2017-18இல் நடந்த ‘லாசி’ எனப்படும் தேசிய முதுமை ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் தனியாக வசிக்கிறார்கள். கட்டுநர்களோ நாலு பேர் குடும்பத்தை மனத்தில் வைத்தே கட்டுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேர் சுமார் 1.85 கோடிக் குடும்பங்களாக வாழ்ந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு படுக்கையறை வீடு அந்தக் கணக்கில் பிறந்தது. அதை ஒருவருக்காகத் திருத்தும் வேலை, வாங்கியவர் தலையில் விழுகிறது.

திருத்தத் தொடங்கும்போதுதான் சதுர அடியின் அரசியல் புரியும். மரவேலைக்கு விலை, முகப்பின் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. பலகை கூடக் கூட நிறுவனத்துக்கு வருமானம் கூடும். காலியாக விட்ட சுவருக்கு யாரும் பில் போட முடியாது. ஆகவே ‘ஸ்டோரேஜ்’ என்ற சொல்லை ஒரு நற்பண்புபோலச் சொல்லி விற்கிறார்கள். நாலு பேரின் துணிமணி, பள்ளிப் புத்தகம், கொலுப்படி, மூன்று தலைமுறைப் பித்தளைப் பாத்திரம் இருக்கும் வீட்டுக்கு அது நியாயம். ஒருவரின் உடைமைகளுக்கு நாலடி அகல அலமாரி ஒன்று போதும். மீதி அலமாரிகள் எதனால் நிரம்பும் என்பது நமக்குத் தெரியாததா? அண்ணன் வீட்டில் இடமில்லாத சூட்கேஸும், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியும், யாரோ நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த பிரிக்கப்படாத டின்னர் செட்டும்.

பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு சதுர அடி. ஆறுக்கு ஆறரை ‘கிங் சைஸ்’ கட்டில் போட்டால் 39 சதுர அடி போயிற்று. இரண்டடி ஆழத்தில் ஏழடி அகல அலமாரிக்கு 14. அதன் கதவைத் திறந்து நிற்க இன்னொரு 14. மனிதர் நடமாட எஞ்சுவது 33. அதே அறையில் நாலுக்கு ஆறேகால் கட்டில் போட்டால் 25 சதுர அடிதான். மிச்சமாகும் 14 சதுர அடியில் ஜன்னலோரமாக ஒரு மேசை நாற்காலி வந்துவிடும். வீட்டின் விலை சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யாரும் படுக்காத அந்தக் கட்டில் பாதியின் தரை மட்டும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். அதுவும் இந்தச் சதுர அடி சுவருக்குள் உள்ள உபயோகத் தளத்தின் கணக்கு. ரேரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் அந்த கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்லி விற்க வேண்டும் என்கிறது. பேச்சுவழக்கில் இன்னமும் மாடிப்படியையும் லிஃப்டையும் சேர்த்த கணக்கே ஓடுகிறது.

ஒருவருக்கான வீட்டை எப்படியெல்லாம் கட்டலாம் என்று யோசித்தவர்கள் இல்லாமலில்லை. டோக்கியோவில் 1972இல் கிஷோ குரோகாவா எழுப்பிய நாககின் காப்ஸ்யூல் கோபுரம் தனி ஆண் ஊழியர்களை மனத்தில் வைத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து சதுர மீட்டராக 140 காப்ஸ்யூல்கள்; கட்டில், மேசை, தொலைக்காட்சி எல்லாம் சுவரோடு பொருத்தப்பட்டவை. சமையலறை கிடையாது. 25 ஆண்டுக்கு ஒருமுறை காப்ஸ்யூலைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பது திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. குழாய்கள் துருப்பிடித்து, வெந்நீர் நின்று, 2022இல் கட்டடமே பிரிக்கப்பட்டது. உலகம் அதன் வட்ட ஜன்னலை நினைவில் வைத்திருக்கிறது. கோபுரத்தைத் தின்றதில் குழாய்க்கும் பங்கு உண்டு.

நம்மூரில் தொண்ணூறுகளில் கட்டிய ஃபிளாட் வாங்குபவர்களுக்கும் விஷயம் இதுதான். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்தபின், உள்ளே பழைய ஜிஐ குழாயும் பழைய ஒயரிங்கும் அப்படியே கிடக்கும். தனி ஆள் பகலெல்லாம் வீட்டில் இருப்பதில்லை. சிங்க்குக்கு அடியில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் மாலைவரை யாரும் பார்க்க மாட்டார்கள். கீழ் வீட்டுக்காரரின் கூரையில் ஓதம் தெரிந்த பிறகுதான் போன் வரும். அதனால் முதல் செலவு குழாய்க்கு: பழைய லைனைச் சிபிவிசிக்கு மாற்றுவதும், கைக்கு எட்டும் இடத்தில் வீடு முழுவதற்கும் ஒரே கேட் வால்வு வைப்பதும். குளியலறைத் தரையை உடைத்து வாட்டர்புரூஃபிங் செய்வதும் அப்போதே நடக்க வேண்டும். மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டு மூன்று வருஷம் கழித்து உடைப்பவர்கள்தான் இரட்டைச் செலவுக்காரர்கள்.

மின்சாரம் இன்னும் முக்கியம். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு ஷாக் அடித்தால் இன்னொருவர் ஓடிப்போய் மெயினை அணைப்பார். தனி ஆள் வீட்டில் அந்த இன்னொருவர் வேலையைச் செய்ய ஒரு கருவிதான் உண்டு: 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். பல லட்சம் ரூபாய் இன்டீரியர் மதிப்பீட்டில் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எல்இடி ஸ்டிரிப் இருக்கும்.

சமையலறையில் தனி ஆளுக்கு இழைக்கப்படும் அநியாயம் வேறு ரகம். அங்கே இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, “ஒத்த ஆளுக்கு என்ன பெரிய சமையல், ஸ்விக்கி இருக்கே” என்று மேடையை மூன்றடியாகச் சுருக்கும். மறு கட்சி, நாலு பர்னர் அடுப்பும் சிம்னியும் டாண்டம் டிராயருமாக ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே நுழைக்கும். தனியாகச் சமைப்பவர் கொஞ்சமாகச் சமைக்கிறார். ஆனால் நறுக்குவது, தாளிப்பது, கழுவுவது எல்லாம் அவர்தான். அவருக்கு மேடை நீளம் குறையக் கூடாது. சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பலகையும் ஒரு தாம்பாளமும் வைக்க மூன்றடியாவது காலியாக வேண்டும். குறைக்க வேண்டியது மேலே உள்ள அலமாரிகளைத்தான். மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குபவர் கிரைண்டருக்கென்று மேடையில் மூலை ஒதுக்க வேண்டியதில்லை. சிங்க்குக்குக் கீழே பெட்டி கட்டியே தீர வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரை பெற்ற மரைன் பிளை; சென்னை ஈரத்துக்கு பார்ட்டிகிள் போர்டு இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். கட்டாமலே விட்டால் துடைக்கச் சுலபம். சிலிண்டர் விஷயத்தையும் யோசிக்க வேண்டும். 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய உருளை இரும்போடு சேர்த்து முப்பது கிலோ வரும். அதை அறுபத்தெட்டு வயதில் யார் உருட்டி மாற்றுவது? ஐந்து கிலோ சிறு சிலிண்டர் கிடைக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. பிளக் பாயின்ட்டை அதற்கேற்ற கனமான ஒயரில் இழுக்கச் சொல்லும் நேரம் சுவர் உடைந்திருக்கும் நேரம்தான்.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926இல் வடிவமைத்த ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கியை எல்லோரும் அந்தச் சிறிய சமையற்கட்டுக்காகவே சொல்வார்கள். வேலைக்குப் போகும் தனிப் பெண்ணுக்கான வீட்டையும் அவர் வரைந்தார். 1928இல் மியூனிக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அவர் வாதம் இன்று நமக்குப் பொருந்துகிறது: தனிப் பெண்களைத் தனிக் கட்டடத்தில் ஒதுக்காதீர்கள், குடும்பங்கள் வாழும் குடியிருப்புக்குள்ளேயே அவர்கள் வருமானத்துக்கு ஏற்ற சிறு வீடுகளைச் சேருங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் நல்ல முயற்சி; பாராட்ட வேண்டும். ஆனால் விடுதி வயது கடந்து, சொந்தமாகக் கதவு வேண்டும் என்று நினைப்பவருக்கு அடுத்த படி நேராக நாலு பேர் வீடாக இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. வாடகைக்குப் போகலாம் என்றால் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ பலகை. வாடகை கிடைத்தாலும் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்; வாடகைக்காரர் செலவு செய்யத்தக்கது, கிளம்பும்போது லாரியில் ஏற்றத்தக்கது மட்டுமே.

இனிக் குளியலறை. தனி ஆள் வீட்டில் அதிகம் யோசிக்க வேண்டிய அறை இதுதான், இங்கேதான் யோசனை டைல்ஸ் நிறத்தோடு நின்றுவிடுகிறது. நம் ஃபிளாட்டுகளில் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும், உள்ளே தாழ்ப்பாள். வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் வெளியிலிருந்து யாரும் தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி கீல் மாற்றுவது ஆசாரிக்கு அரை நாள் வேலை. தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கமோடுக்குப் பக்கச் சுவரிலும் ஷவர் அடியிலும் கைப்பிடிக் கம்பி. தரைக்குப் பளபளப்பு இல்லாத சொரசொரப்பு டைல்ஸ். விழுந்து கிடந்தாலும் கை எட்டும் உயரத்தில், பேட்டரியில் இயங்கும் ஒயரில்லா அழைப்பு மணி பொத்தானை ஒட்டலாம், மணி எதிர்வீட்டில். அதற்கு எதிர்வீட்டுக்காரரோடு பேசிப் பழகியிருக்க வேண்டும் என்பது வேறு. முப்பது வயதுக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். கணுக்கால் பிசகுவதற்கு வயது வரம்பு இல்லை.

வாசல் கதவிலும் இதே கண் வேண்டும். பாதுகாப்புக்கென்று இரும்பு கிரில் போட்டு உள்ளே பூட்டுத் தொங்கவிடுபவர்கள், தீயணைப்புத் துறை வந்தால் அதை அறுக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைப்பதில்லை. உள்ளே கைப்பிடி, வெளியே சாவி என்ற பூட்டுதான் தனி ஆளுக்கு. மாற்றுச் சாவி அதே தெருவில் இன்னொருவரிடம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இரண்டு ஆட்சேபணைகள் கட்டாயம் வரும். முதலாவது, விருந்தாளி. அம்மா வந்து ஒரு வாரம் தங்க வேண்டாமா? வேண்டும். வருஷத்தில் இருபது நாள் வருபவருக்கு மடக்குக் கட்டிலோ, இழுத்தால் படுக்கையாகும் சோஃபாவோ, நல்ல இலவம்பஞ்சு மெத்தையோ போதும். அந்த இருபது நாளுக்காக மீதி முந்நூற்று நாற்பத்தைந்து நாள் ஓர் அறையைப் பூட்டி வைப்பதில் பாசம் இல்லை. அந்த அறையில் எழுதலாம், வீணை வாசிக்கலாம், தையல் மெஷின் போடலாம். அம்மா வரும்போது அதிலேயே படுக்கலாம். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் மெலிதான நாலரை அங்குலத் தடுப்பாக, தூணும் உத்தரமுமாகக் கட்டிய கட்டடத்தில் இருந்தால், பொறியாளரிடம் காட்டிவிட்டு அதை எடுத்து ஒரே பெரிய அறையாக்கலாம். சுமை தாங்கும் ஒன்பது அங்குலச் சுவர் என்றால் கைவைக்கக் கூடாது. கொத்தனார் “ஒண்ணும் ஆகாது சார்” என்று சொல்வது பொறியாளர் சான்றிதழ் ஆகாது.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் வலுவானது: நாளைக்கு விற்க வேண்டி வந்தால்? ஒரு ஆளுக்கென்று செதுக்கிய வீட்டைக் குடும்பஸ்தர் யார் வாங்குவார்? மறுவிற்பனைச் சந்தையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வாங்குபவர் முதலில் பெயர்த்துப் போடுவது முந்தைய ஆளின் மரவேலையைத்தான். லேமினேட் நிறம் பிடிக்காது, வாஸ்துப்படி அடுப்பு திரும்ப வேண்டும், லாஃப்டில் கரையான். பல லட்சம் செலவழித்த அலமாரி, பழைய பலகை விலைக்குப் போகும். புதுக் குழாய்க்கும் புது ஒயரிங்குக்கும் ஒழுகாத குளியலறைக்கும் எந்தக் குடும்பமும் பேரம் பேசிக் காசு குறைக்காது. கைப்பிடிக் கம்பியை அவர்கள் வீட்டுப் பாட்டி பிடித்துக்கொள்வார். கட்டில், மேசை, புத்தக ஷெல்ஃப், அலமாரி எல்லாம் சுவரோடு ஒட்டாத தனிப் பொருள்களாக இருந்தால் சொந்தக்காரரோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.