நிலம் உண்டு, பொழுது இல்லை

காக்களூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் குடும்பங்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிறேனும் இந்தப் பேச்சு எழும்: எங்காவது போய்வரலாம். எங்கே என்பதற்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. காலையில் ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் ஓர் அருவி. பிற்பகலில் பழவேற்காட்டு ஏரி. பொழுது சாயுமுன் கலங்கரை விளக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. வாடகை வேன் ஓட்டுபவர்கள் இந்த வரிசையை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். புளிச்சோற்றுத் தூக்கு, மாற்றுத்துணிப் பை, வழிநெடுகப் பாட்டு என்று ஒரு பகலுக்குள் மூன்று இடங்கள் முடிந்துவிடும்.

இந்த வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆறு நாளும் இயந்திரத்தோடு நின்றவன் ஏழாம் நாள் பிள்ளைகளோடு நீரைத் தேடிப் போகிறான் என்பதே ஒரு நற்செய்திதான். ஆனால் இந்தப் பயணங்களில் ஒரு பெருங்குறை இருக்கிறது. போகும் இடத்தைத் தேர்ந்துகொள்கிறோம். போக வேண்டிய வேளையைத் தேர்வதில்லை. இதனால் பார்க்கப் போனதைப் பாராமலே திரும்புகிறோம். சில வேளைகளில் உயிரையும் விட்டுவிட்டு வருகிறோம்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று வகுத்தது நிலத்தை மட்டுமன்று. நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. பொழுதையும் பெரும்பொழுது, சிறுபொழுது என்று பிரித்து, குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் என்றும், நெய்தலுக்கு எற்பாடு என்றும் ஒதுக்கிவைத்தது. எற்பாடு என்பது பொழுது சாயும் நேரமா, புலரும் நேரமா என்று அறிஞர்களிடையே ஒரு வழக்கு உண்டு. அது இங்கு வேண்டாம். எங்கள் வகுப்புகளில் இப்பகுதி ஓர் அட்டவணையாகச் சுருங்கிக் கிடக்கிறது. மாணவர்கள் கட்டம் போட்டு நிரப்பி ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஓர் இடம் தன்னை முழுமையாகக் காட்டும் வேளை ஒன்று உண்டு என்னும் பட்டறிவே அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

அருவியிலிருந்து தொடங்குவோம். ('நீர்வீழ்ச்சி' என்று எழுதுவோரோடு நமக்கு நெடுநாள் பூசல் உண்டு. அருவி என்ற சொல் இருக்க, நீர் வீழ்ந்துபட்டதுபோல் ஒரு சொல்லை ஏன் கட்டினார்களோ!) எங்கள் பக்கத்தார் போவது இரண்டு அருவிகளுக்கு. ஒன்று நாராயணவனம் அருகே உள்ள கைலாசகோனா. ஊற்று நீரால் கோடையிலும் வற்றாதது, கோயிலை ஒட்டியது, படியேறிப் போய்க் குளிக்கத்தக்கது. மற்றது தடா அருவி. தடா என்பது நெடுஞ்சாலையில் இருக்கும் ஊரின் பெயர். அருவியின் பெயர் உப்பலமடுகு. தெலுங்கின் மடுகு நம் மடுவேதான். பாறையிடுக்கில் நீர் தேங்கி ஆழ்ந்து கிடக்கும் இடம். அருவிக்கு அது விழும் மடுவை வைத்தே பெயரிட்ட மக்கள் கவனிக்க வேண்டியதைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். மேலே விழுவதை அண்ணாந்து பார்த்து நிற்பவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. கீழே அசையாமல் கிடப்பதில் குதிப்பவனே மூழ்குகிறான்.

இம்மலைகளின் நீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் கொடை. ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, தையில் தெளிந்து, பங்குனிக்குள் மெலிந்துவிடும். எங்கள் பள்ளிகளுக்கோ கோடையில்தான் நீண்ட விடுமுறை. ஆகவே பாறையில் கசியும் நீரைப் பார்த்து ஏமாந்து திரும்புவோர் பாதி. மழைக்காலத்தில், அடிவாரம் வெயிலாயிருக்கிறதே என்று நம்பி இறங்குவோர் மீதி. உச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அக்கணமே கரையேற வேண்டும் என்பது மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வேனில் வந்திறங்கும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

அருவியிலிருந்து ஏரிக்குப் போகும் வழியைத்தான் நாம் 'இடை நேரம்' என்று தூங்கிக் கழிக்கிறோம். உண்மையில் அது ஒரே நீரின் பயணம். நாராயணவனம், நாகலாபுரம் பக்கத்து மலைகளில் பிறப்பது ஆரணி ஆறு. பிச்சாட்டூரில் அணைகட்டப்பட்டு, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைக் கடந்து, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியபாளையத்தம்மன் காலடியிலும் பொன்னேரியிலும் ஓடி, பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. வேனின் சன்னலோரத்தில் நீங்கள் அதனை நான்கைந்து முறை சந்திப்பீர்கள். ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் கூட்டம் நெரியும். ஆற்றிலோ பல ஆண்டுகள் மணல்தான். ஐப்பசியில் ஆற்றில் நீர் வரும்போது கூட்டம் இராது.

இனிப் பழவேற்காடு. வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் கடலோரப் பாறைக்குழிகளைப் பற்றிப் படித்துவிட்டு, நம் கரையில் அவை எங்கே என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. கடல் வற்றியதும் பாறைப் பள்ளங்களில் தங்கிவிடும் நீரும், அதிலே நட்சத்திர மீனும் நத்தையும் கடற்பாசியுமாக விரியும் சிற்றுலகமும் அவை. சோழமண்டலக் கரை பெரும்பாலும் மணற்கரை. நீர் தங்கப் பாறை வேண்டும். அதைவிட முதன்மையாக, கடல் நெடுந்தொலைவு வற்ற வேண்டும். சென்னையை ஒட்டிய கடலில் ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயரம், அமாவாசை பௌர்ணமிகளில்கூட, ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் அது பத்து மீட்டர் வரை எட்டும். கட்ச் வளைகுடாவில் வற்றும் வேளை பார்த்து மக்கள் கடற்படுகையிலேயே நடந்து போய்ப் பவளமும் கடல்வெள்ளரியும் கண்டு திரும்புகிறார்கள். அந்தப் பேறு நமக்கில்லை.

ஆனால் நமக்கு வேறொன்று இருக்கிறது: கழி. சங்கப் புலவர் நெய்தலைப் பாடியபோது கடலை விடவும் கழியையும் கானலையும் நெருங்கிப் பார்த்தார்கள் என்பது எங்கள் எண்ணம். அலவன் என்ற சொல்லும் அடும்பு என்ற கொடியும் கழிக்கரையில் குனிந்து பார்த்தவர்களுக்கே தெரியவரும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில்; தென்முனையும் முகத்துவாரமும் நம்மிடம். கடலுக்கும் காயலுக்கும் நடுவே அரண்போல் நீள்வது சிறீஹரிக்கோட்டை. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில்தான் ஓதத்தின் வரவும் போக்கும் துலக்கமாகத் தெரியும். நீர் வற்றும்போது சேற்றுத்திட்டு வெளிப்படும். அடுத்த சில நிமிடங்களில் அத்திட்டு முழுவதும் துளைகள் திறந்து நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டொன்று தன் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டி ஆட்டி அழைப்பதைக் காண ஆறு வயதுக் குழந்தை அரைமணி நேரம் அசையாமல் நிற்கும். இது எங்கள் வீட்டில் நாங்கள் கண்டது. நீர் ஏறிய வேளையில் போனால் அதே இடத்தில் பழுப்புத் தண்ணீர் மட்டுமே இருக்கும். 'ஏரி பார்த்தாயிற்று' என்று கிளம்பிவிடலாம்.

அவ்வேளையை அறிவது கடினமா? ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் இருக்கின்றன. இராகுகாலம் பார்க்காமல் வண்டியை எடுக்காத நாம், கடல் வற்றும் காலத்தைப் பார்க்காமல் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம்.

அங்கே வாழ்பவர்களுக்கு இது உடம்பில் ஊறிய கணக்கு. ஆழமற்ற நீரில் மண்டியிட்டுத் தவழ்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைப்பறிக்குள் இடும் பெண்களை அங்கே காணலாம். நீரின் வேளை தப்பினால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. காயலில் வலையிடும் இடத்தையும் முறையையும் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஏற்பாடு தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதன் பெயர் 'பாடு'. பாடு என்றால் துன்பம் என்று மட்டுமே பொருளெழுதும் எம் மாணவர்கள் இதைக் கேட்டு வியக்கிறார்கள். இன்னார்க்கு இன்ன இடத்தில் இன்ன நாள் என்று நிலத்தையும் பொழுதையும் ஒருசேரப் பங்கிடும் இம்முறையைக் காட்டிலும் முதற்பொருளுக்கு நல்ல உரை வேறில்லை. சென்ற முறை நாங்கள் போயிருந்தபோது ஒரு மூதாட்டி, "இப்ப தண்ணி உள்வாங்குது சார், புள்ளைங்கள இறக்காதீங்க. வாய்ப்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்" என்றார். காயல் முழுவதன் நீரும் குறுகிய முகத்துவாரத்தின் வழியே கடலுக்குத் திரும்பும் வேளை அது. மேற்பரப்பு அமைதியாகவே இருந்தது.

2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில், விடுமுறை நாளுக்கு வந்த குடும்பத்தாரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். குழந்தைகளும் அதில் இருந்தனர். இம்மாவட்டத்தில் இன்றும் அந்தக் கிறிஸ்துமஸை நினைத்தால் பேச்சு நின்றுவிடும். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்நேரத்தில் தடை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தடையோடு நம் கடமை முடிந்ததாகக் கருதிவிட்டோமே, அதுதான் வருத்தம். 'இங்கு குளிக்காதீர், படகில் ஏறாதீர்' என்ற பலகைகள் இடத்தை மட்டுமே பேசுகின்றன. எப்போது, ஏன் என்பதை அவை சொல்வதில்லை. காரணம் சொல்லாத பலகையை மக்கள் மதிப்பதும் இல்லை. அதன் நிழலிலேயே துணி மாற்றிக்கொண்டு நீரில் இறங்குகிறார்கள்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டபின், மலையேற்றம் என்றாலே தடை என்ற நிலை வந்தது. 2024 அக்டோபரில் அரசு அதை மாற்றி, 40 பாதைகளைத் தெரிந்தெடுத்து, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றி வழிகாட்டிகளாக்கிய திட்டத்தைத் தொடங்கியது. அப்பாதைகளுள் ஒன்று பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைப் பாதை. காட்டுக்குச் செய்ததைக் காயலுக்குச் செய்ய என்ன தடை?

கடைசியாகக் கலங்கரை விளக்கம். பழவேற்காட்டில் 1859-லேயே விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. இன்று நிற்கும் கோபுரம் பிற்காலத்தது. அருகிலுள்ள ஊருக்கே லைட்ஹவுஸ் குப்பம் என்று பெயர். சென்னைக்கு வருமுன்பே டச்சுக்காரர் கோட்டை கட்டிய துறை இது. 1613-இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டை இன்று மண்மேடு, அவர்களுடைய கல்லறைகள் மட்டும் செதுக்கு மாறாமல் நிற்கின்றன. 'கலங்கரை' என்பதில் உள்ள கரை, கடற்கரை என்றே பலரும் நினைக்கிறார்கள். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறதே, அந்தக் கரைதல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையில் அப்படி ஒரு விளக்கைக் காட்டுகிறது. ஏணி சார்த்தியும் ஏற அரிதான மாடத்தில் இரவில் தீ எரிகிறது.

இரவில் என்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ மாலை நான்கு மணிக்குப் போய், கோபுரத்தைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்து, ஐந்துக்குத் திரும்புகிறோம். ஒளிராத கலங்கரை விளக்கம் வெறும் உயர்ந்த கட்டடம். ஒவ்வொரு விளக்குக்கும் தனக்கென ஒரு மின்னல் கணக்கு உண்டு. எத்தனை மின்னல், எவ்வளவு இடைவெளி என்று எண்ணித்தான் மாலுமி இது சென்னை, இது மாமல்லபுரம் என்று அறிகிறான். இருட்டில் ஒரு சிறுமியை நிறுத்தி, கடிகார முள்ளைப் பார்த்து எண்ணச் சொன்னால், அவள் அந்தக் கோபுரத்தை வாழ்நாளில் மறக்க மாட்டாள்.

'நேரம் எங்கள் கையில் இல்லையே' என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயம். ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவருக்குப் பொழுது என்பது ஆலையின் உடைமை; வாரத்தில் எஞ்சுவது ஒரு நாள். அதனால்தான் மூன்று இடங்களை ஒரு பகலில் திணிக்கிறார்கள். நாங்கள் கேட்பது கூடுதல் விடுப்பு அன்று. மூன்றை ஒன்றாகக் குறைக்கலாம். தையில் ஒரு ஞாயிறு அருவி மட்டும். மாசியில் ஒரு ஞாயிறு, நண்பகலுக்குமேல் புறப்பட்டுப் பழவேற்காடு; நீர் வற்றும் வேளையில் சேற்றுத்திட்டு, இருட்டியபின் விளக்கு. பூநாரைகள் அப்போது இன்னும் போயிருக்க மாட்டா.

ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் செய்யக்கூடியது இதைவிடச் சிறியது. பழவேற்காடு பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகை. இன்று ஓதம் ஏறும் நேரம், வற்றும் நேரம், முகத்துவாரத்தில் இழுப்பு மிகும் நேரம், விளக்கு ஏற்றப்படும் நேரம். காலையில் ஒரு மீனவப் பெண்ணோ பள்ளிப் பிள்ளையோ சாக்கட்டியால் எழுதிவிடலாம். கீழே, குடும்பத்தோடு வந்தவர்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி.