படித்துறையில் ஊன்றுகோல்கள்



திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். காவிரியில் இறங்குவோரில் நரைத்த தலைகளே மிகுதி. இளமையில் மருதமரக் கிளையேறி மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியதைக் கோலூன்றி இருமும் முதுமையில் நினைத்து இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். ஒரு தனிமனிதரின் இரக்கமாகவே அதை நெடுநாள் எண்ணியிருந்தோம். இன்று ஊரே அந்த இடத்திற்கு வந்து நிற்கிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் அது பதினெட்டாகும் என்கிறது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பிக்கொள்ளப் பெண்ணொருவருக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் அளவு 1.8. பெண்கள் படித்ததாலும், பிறந்த குழந்தைகள் பிழைத்ததாலும் நேர்ந்த மாற்றம் இது. இதை நாம் குறையென்று சொல்ல மாட்டோம்.

நிற்க. நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1994இல் மாநகராட்சியான திருச்சிராப்பள்ளி, திருவரங்கத்தையும் பொன்மலையையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் ஆலையும் வெளியூர் இளைஞரை இங்கு அழைத்துவந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ நம் கல்லூரிகள் இளைஞரைப் படிக்கவைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவைக்கின்றன. அயல்நாடு சென்ற மாணவர்களின் பெயர்களைப் பெருமையோடு சொல்லித் திரியும் ஆசிரியர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

சென்ற ஆண்டு உத்தர வீதியில் பழைய மாணவர் ஒருவரின் தந்தை நம்மை நிறுத்தினார். "சார், நீங்க சொன்னா கேப்பான். ஒரு வாரமாவது வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் அகலவில்லை.

திருவரங்க வீதிகளில் திண்ணை வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரைத் தெருவே பார்த்துக்கொண்டது. ஒருநாள் அவர் வெளியே வராவிட்டால் நான்கு பேர் விசாரித்தார்கள். மூன்றாம் மாடியில் கதவை அடைத்துக்கொண்டிருப்பவரை யார் விசாரிப்பது?

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் பிள்ளைகள் பெறுமாறு அழைப்பு விடுத்தார். அடுத்த சில நாள்களில் நாடாளுமன்றத் தொகுதிக் கணக்கை முன்னிட்டுப் பதினாறு பிள்ளைகளைப் பற்றித் தமிழக முதல்வர் ஸ்டாலினும் பேசினார். தொகுதிகள் குறையுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கான விடையைப் பெண்களின் வயிற்றில் தேடுவது முறையன்று. இன்று பிறக்கும் குழந்தை இருபது ஆண்டுகள் கழித்து விமானம் ஏறினால், படித்துறையில் நிற்பவருக்குக் கைகொடுப்பவர் யார்?

செய்யத்தக்கவை வேறு. முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாத மருந்துச் செலவுக்கே அது போதாது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அது நல்ல தொடக்கம். அத்தோடு, தனித்து வாழும் முதியோரை வார்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். கடைகள் விழுங்கிய நடைபாதைகளை மீட்க வேண்டும். படித்துறைகளில் கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். முதியோர் பராமரிப்பை மதிப்பும் ஊதியமும் உள்ள தொழிலாக நம் கல்லூரிகள் கற்பிக்க வேண்டும். அவ்வழியே சில இளைஞர்களேனும் இவ்வூரிலேயே பிழைக்கலாம்.

பிள்ளைகளை அனுப்பிவைத்த ஊருக்குப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. அந்தத் தந்தைக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. உங்கள் தெருவிலும் ஒருவர் காத்திருக்கக்கூடும். இன்று மாலை கதவைத் தட்டிப் பாருங்கள்.