கடன் தீர்ந்தது, பெயர் நீங்கியதா?

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அதன் வாசலில் நின்ற கார்களைக் கொண்டே சொல்லிவிடலாம். எங்கள் இல்லத்தில் முதலில் நின்றது பெரியப்பாவின் அம்பாசடர். பின்னிருக்கையில் சிறுவர்கள் ஐவர் நெருக்கியமர்ந்து கோடை விடுமுறைக்குச் சென்றோம். அடுத்து வந்தது தந்தையாரின் மாருதி 800. 1983 இல் அறிமுகமாகி நடுத்தரக் குடும்பங்களின் கனவை நனவாக்கிய வண்டி அது. வங்கிக் கடனில் வாங்கிய அவர், ஒரு தவணையும் தவறாமல் அடைத்தார்.

அவர் மறைந்த பின்னர் வண்டியை அன்னையாரின் பெயருக்கு மாற்ற முனைந்தோம். பதிவுச் சான்றிதழில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. அந்தக் கிளையோ வேறொரு கிளையுடன் இணைந்துவிட்டிருந்தது. பழைய கணக்கைத் தேடி நான்கு மாதங்கள் அலைந்தோம். வங்கிப் பணியிலிருக்கும் நாங்களே இதனைக் கவனிக்கத் தவறியிருந்தோம்.

கடைசித் தவணையைச் செலுத்தியதும் அடமானக் குறிப்பு தானாக நீங்கிவிடும் என்று எண்ணியிருத்தல் ஆகாது. வங்கியிடம் தடையின்மைச் சான்றும், கையொப்பமிட்ட படிவம் 35 உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதனை நீக்கிக்கொள்ள வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கக் கோர வேண்டும்.

கடன் வழங்கும் நாளில் காட்டும் அக்கறையை அது முடியும் நாளிலும் காட்டுவது வங்கியாளராகிய எங்கள் கடமை. அச்சான்றுகளைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. வீட்டிலுள்ள ஆர்.சி. புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அன்புடன் விட்டுச்செல்லும் வண்டி, பிள்ளைகளுக்கு அலைச்சலாக முடிய வேண்டாம்.