பெயரிழந்த ஊரும் பெயர் மறுக்கும் முகிலும்



மணிமுத்தாற்றங்கரையில் ஓர் ஊர் தன் பெயரை இழந்து நிற்கின்றது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பொழுது அவ்வூர் முதுகுன்றம். பழமலை என்பதும் அதற்கே உரிய பெயர். பின்னர் வந்தோர் முதுமையை ‘விருத்தம்’ ஆக்கினர். குன்றத்தை ‘அசலம்’ ஆக்கினர். இரண்டையும் ஒட்டி ‘விருத்தாசலம்’ என்றனர். மண் மாறவில்லை, ஆறு மாறவில்லை, மக்கள் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிற்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த பெருமகனார் வேதாசலம் என்னும் தம் பெயரைக் களைந்து மறைமலை ஆனார். வேதாசலம் மறைமலை ஆயிற்று. விருத்தாசலமோ இன்றளவும் முதுகுன்றம் ஆகவில்லை!

பழைய புண்ணை இன்று ஏன் கிளற வேண்டும் என்பீர்கள். கரணியம் உண்டு. ஊர்ப்பெயரில் அன்று நிகழ்ந்தது, இன்று நம் கண்முன்னே, நம் இளைஞர்களின் கைகளாலேயே, வேறொரு களத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அன்று பெயரை மாற்றியவர் பிறர். இன்று பெயரைக் கைவிடுபவர் நாம். அக்களம் கணிப்பொறிக் களம்.

‘கிளவுடு’ என்று ஆங்கிலர் வழங்குவதை நாம் முகில் என்கின்றோம். பெயரைக் கேட்டு அது வானில் மிதப்பதென்று எவரும் மயங்க வேண்டா. அது மண்மேல் நிற்கும் கட்டடம். மின்னாற்றலைக் குடித்து, இரவும் பகலும் குளிரூட்டப்பெற்று, எண்ணிறந்த கணிப்பொறிகள் அடுக்கடுக்காய் உழைக்கும் கூடம். மைக்ரோசாப்டு நிறுவனம் 2015-இல் சென்னையிலும், அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் அத்தகைய கூடங்களைத் திறந்தன. முதுகுன்றத்துத் திண்ணையில் அமர்ந்தபடியே அக்கூடத்துப் பொறியில் ஒரு பங்கை ஒருவர் வாடகைக்கு எடுக்கலாம். பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது இவ்வூர்க் கதை. இங்கே இட்டதை அங்கே எடுப்பது இன்று கதையன்று; அன்றாடப் பிழைப்பு.

பொறியில் பங்கு இருந்தால் போதாது. அதற்கு வாயில் வேண்டும். நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியில் வலையத்தோடு இணைக்கும் அட்டை கையால் தொடத்தக்க பொருள். முகிலிலோ அவ்வாயில் வெறும் எழுத்தால் ஆனது. இதனை ‘மெய்ந்நிகர் வலைய இடைமுகம்’ என்று மொழிபெயர்த்து வைத்துள்ளனர். ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாய் அறுத்து ஒட்டிய பெயர் அது. வீட்டின் வாயை ‘வாயில்’ என்ற தமிழனுக்கு இடையும் முகமும் எதற்கு? ‘நிகர்வாயில்’ என்போம், பொருள் தானே விளங்கும்.

கட்டளை ஒன்றை எழுதினால் நிகர்வாயில் பிறக்கின்றது. அதற்கு ஒரு முகவரி வருகின்றது. வலையத்தின் எந்தத் துண்டைச் சேர்ந்தது என்னும் எல்லை வருகின்றது. எவரை உள்ளே விடலாம், எவரைத் தடுக்கலாம் என்னும் காவல் ஒழுங்கு வருகின்றது. இன்னொரு கட்டளையால் அதனை ஒரு பொறியில் பொருத்தலாம், மற்றொன்றால் கழற்றலாம், வேறொன்றால் அழிக்கலாம். பொறியோடு உடன்பிறந்த முதல்வாயிலைக் கழற்ற இயலாது. ஆனால் கூடுதலாகப் பொருத்திய வாயிலை, ஒரு பொறி பழுதுற்றால், அதே இடத்தொகுதியில் உள்ள வேறு பொறியில் மாட்டிவிடலாம். பழைய முகவரி அப்படியே தொடரும். வீடு இடிந்தால் கதவைக் கழற்றிக் கதவெண்ணோடு அடுத்த வீட்டில் மாட்டுவது போன்றது இது. அஞ்சற்காரர் மாற்றத்தையே அறியார்.

நூறு வாயில் வேண்டுமெனில் நூறு முறை தட்டச்சிட வேண்டுவதில்லை. கட்டளைகளைக் கோத்து ஒரு கோவையாக எழுதி வைத்துவிட்டால், ஒரே ஏவலில் நூறும் பிறக்கும். முதுகுன்றத்து மக்களுக்கு இதனை விளக்கவே தேவையில்லை. ‘பீங்கான்’ என்று பாரசீகச் சொல்லால் நாம் வழங்கும் மங்குத் தொழில் அவர்களின் கைத்தொழில். சுண்ண அச்சில் களிக்குழம்பை ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் படியும் களி பொம்மையாகின்றது. அச்சு ஒன்று, பொம்மை நூறு. அச்சில் கீறல் இருந்தால் நூறு பொம்மையிலும் கீறல். அச்சில் எந்தப் பெயரைப் பொறித்தோமோ, அந்தப் பெயரே நூறிலும். கட்டளைக்கோவையும் அவ்வாறே. எழுதியவன் வைத்த பெயர் எத்தனை வாயில்களிலும் ஏறிவிடும்.

அந்தப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

கூகுளின் முகிலில் ஒரு பொறிக்கோ வலையத்திற்கோ பெயரிட ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே இசைவு பெற்றவை. 63 எழுத்துக்குமேல் கூடாது. மைக்ரோசாப்டு முகிலில் வலையவாயிலின் பெயர் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு ஆகியவற்றால் 80 எழுத்துக்குள் அமைய வேண்டும். அமேசான் முகிலில் வாயிலைக் காக்கும் காவற்குழுவின் பெயருக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளுமே உண்டு. ‘மதில்’ என்று தமிழில் எழுதினால் பொறி ஏற்காது. காக்கும் குழுவுக்கு நம் மொழியில் பெயரில்லை!

இதன் வேர் எங்கே? 1963-இல் அமெரிக்கர் வகுத்த ‘ஆசுக்கி’ என்னும் எழுத்துப் பட்டியலில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்திற்கு அது போதுமாக இருந்தது. 1987-இல் இணையப் பெயர்களுக்கு ஒழுங்கு வகுத்தோரும் அப்பட்டியலையே அளவுகோலாகக் கொண்டனர். தமிழ் 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் பழைய அளவுகோல் இன்னும் ஒடியவில்லை. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழ் எழுத்தாலான முகவரி ஈறுகள் வந்துள்ளமை கண்டு மகிழ்கின்றோம். ஆயின் அவை வலையத்தின் உள்ளே தமிழாகச் செல்வதில்லை. எக்சு, என் என்னும் ஈரெழுத்தும் இரு கோடும் முன்னே நிற்க, ஆங்கில எழுத்து வேடம் பூண்டே செல்கின்றன. முதுகுன்றம் விருத்தாசலம் என்னும் வேடத்தில் வண்டியேறுவதைப் போலத்தான்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இலினக்சு என்னும் இயக்கமுறைமையில் வாயிலுக்கு இடும் பெயர் 15 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. நாம் ஓரெழுத்தாய்க் காணும் உயிர்மெய் பலவற்றைப் பொறி இரண்டாய் எண்ணுகின்றது. மெய்யின் புள்ளியையும் தனியே எண்ணுகின்றது. முதுகுன்றம் நம் கண்ணுக்கு ஆறெழுத்து. பொறிக்கு 11 குறி, 33 பைட்டு. உள்ளே நுழையாது. ‘வாயில்’ என்னும் சொல்லே 18 பைட்டு, நுழையாது. ‘விருத்தாசலம்’ 36 பைட்டு, அதுவும் நுழையாது. ஆனால் ‘பழமலை’? ஐந்து குறி, சரியாகப் பதினைந்து பைட்டு. அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகின்றது! ‘மதில்’ பொருந்துகின்றது, ‘கதவு’ பொருந்துகின்றது. இலினக்சு பொறி உள்ளவர் எவரும் செய்து பார்க்கலாம். இடுக்கான வாயிலிலும் தமிழ் தலைநிமிர்ந்தே நுழைகின்றது, நுழைப்பவர்தாம் இல்லை.

ஆம், நுழைப்பவர்தாம் இல்லை. குற்றம் முழுவதையும் அயலார்மேல் சுமத்திவிட்டு நாம் தப்பிக்க இயலாது. அமேசான் முகிலில் ஒவ்வொரு வாயிலுக்கும் குறிச்சீட்டு ஒட்டலாம். அச்சீட்டில் 256 எழுத்துவரை எம்மொழியிலும் எழுதலாம். தமிழுக்குத் தடையே இல்லை. திறந்து கிடக்கும் அந்தக் கதவில் எத்தனை தமிழர் தமிழில் எழுதுகின்றனர்? ‘டெசுட்டு ஒன்று’, ‘நியூ இரண்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு, மூன்று திங்கள் கழித்து எது எதற்கென்று தாமே அறியாமல் விழிக்கின்றனர். பயன்படும் வாயிலை அழித்துவிட்டுப் பயன்படாததைக் காத்துக்கொண்டிருக்கும் இடரும் இதனாலேயே நேர்கின்றது.

இங்கே ஓர் உண்மையை உற்று நோக்க வேண்டும். அமேசான் முகிலின் வாயிலுக்குப் பெயர் தேவையே இல்லை. அமேசான் முகிலில் பிறக்கும் ஒவ்வொரு நிகர்வாயிலுக்கும் அப்பொறியே நீண்டதோர் அடையாள எண்ணைக் கொடுத்துவிடுகின்றது. பொருத்துவதும் அழிப்பதும் அவ்வெண்ணைக் கொண்டே. பின் பெயர் எதற்கு? ஆளுக்கு! நள்ளிரவில் பழுதென்று எழுப்பப்பட்டுத் திரைமுன் வந்து அமரும் இளைஞனுக்கு! எண் பொறிக்கு, பெயர் மாந்தனுக்கு. அம்மாந்தன் தமிழனாயின் பெயர் தமிழில் இருப்பதன்றோ முறை? ‘ஊதியப் பட்டியல் வாயில், அழிக்கற்க’ என்று தாய்மொழியில் எழுதியிருந்தால் அவன் கை நடுங்காது. ஆகவே, பெயர்க் கட்டத்தில் தமிழை மறுப்பது பொறியின் இயலாமை அன்று. பழைய பழக்கத்தின் பிடிவாதம்.

“ஆங்கிலத்தில் எழுதினால்தான் பெங்களூரில் இருப்பவருக்கு விளங்கும்” என்பர் சிலர். பன்மொழியார் கூடிச் செய்யும் பணியில் ஆங்கிலக் குறிப்பும் இருக்கட்டும், யாம் மறுக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பல குறிச்சீட்டுகள் ஒட்டலாமே! ஆனால் தமிழர் மட்டுமே பணிசெய்யும் தமிழ்நாட்டு அலுவலகத்தில், தமிழர்க்காக இயங்கும் பொறியில், அனைத்துப் பெயரும் ஆங்கிலமாய் இருப்பது எந்த வெளியூராருக்கு விளங்குவதற்காக?

“பெயர் வைத்துவிட்டால் முகில் நமதாகிவிடுமா?” என்பர் வேறு சிலர். ஆகாது. பொறி அயலாருடையது, கூடம் அயலாருடையது, வாடகை அயலாருக்கே. இவ்வுண்மையை மறைக்க யாம் விரும்பவில்லை. ஆயினும் பெயரிடும் உரிமையைக் கேளாதவன் வேறெந்த உரிமையையும் கேட்கப் போவதில்லை. அது முதற்படி, முடிவன்று.

இனிச் செய்ய வேண்டுவன யாவை?

கணிப்பொறித் தொழிலில் இருக்கும் இளைஞர்களே! ஆங்கிலக் கட்டளைகளைக் கற்க வேண்டா என்று யாம் சொல்லவில்லை. பிழைப்புக்கு அவை வேண்டும். ஆனால் உங்கள் கையிலுள்ள அச்சு உங்களுடையது. ‘பாசு’ என்னும் ஏவற்கூட்டில் செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். நீண்ட ஆங்கிலக் கட்டளையை உள்ளே வைத்து, வெளியே ‘வாயில்_படை’, ‘வாயில்_பொருத்து’, ‘வாயில்_கழற்று’, ‘வாயில்_அழி’ என்று பெயர் சூட்டினால் அப்பெயரால் ஏவ அது பணிசெய்யும். மதிப்பேற்கும் மாறிகளுக்கு மட்டும் அக்கூடு ஆங்கில எழுத்தையே கேட்கும். பைத்தான் மொழியிலோ 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் மாறிக்கும் தமிழ்ப்பெயர் இடலாம். முழுதும் தமிழ்ச் சொற்களால் அமைந்த ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் நம்மிடம் உண்டு. கோவையின் ஒவ்வோர் அடிக்கும் தமிழில் குறிப்பெழுதுங்கள். நாளை உங்கள் இடத்திற்கு வரும் தம்பிக்கு அதுவே பாடநூல்.

ஆசிரியர்களே! தமிழ்வழியில் பன்னிரண்டாண்டு படித்துவந்த பிள்ளை இக்கட்டளைகளைப் பொருள் தெரியாமல் உருப்போடுகின்றான். ‘அட்டாச்சு’ என்றால் பொருத்து, ‘டிட்டாச்சு’ என்றால் கழற்று என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கதவை மாட்டத் தெரிந்தவன் வாயிலையும் மாட்டுவான். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கிய பொழுது கட்டடப் பொறியியலுக்கும் எந்திரப் பொறியியலுக்கும் இடம் தந்தது, கணிப்பொறிக்குத் தரவில்லை. அக்குறையின் விளைவை இன்று காண்கின்றோம்.

அரசுக்கும் ஒரு சொல். மக்கள் வரிப்பணத்தில் முகிலை வாடகைக்கு எடுக்கும் பொழுது, ‘பெயரிடும் கட்டங்கள் அனைத்தும் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும்’ என்னும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். விற்பவன் வாங்குபவனின் சொல்லுக்குச் செவி சாய்ப்பான். இரப்பவனுக்குச் சாய்க்க மாட்டான். 1974-இல் மொழிஞாயிறு பாவாணர் இயக்குநராய் அமர்ந்த சொற்பிறப்பியல் அகரமுதலித் துறையும், 2001-இல் இணையப் பல்கலைக்கழகமாய்த் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒன்றுகூடி, முகிற்றொழிலுக்குரிய சொற்களைத் தொகுத்துத் தொழிலாளர் கைகளில் சேர்க்க வேண்டும்.

அன்பர்களே! முதுகுன்றத்தார்க்கு ஒரு பாடம் தெரியும். களி ஈரமாய் இருக்கும் பொழுதே பெயரைப் பொறிக்க வேண்டும். சூளையிலிட்டுச் சுட்டபின் பொறிக்க முனைந்தால் கலம்தான் உடையும். ஊர்ப்பெயரில் நாம் காலந்தாழ்த்தினோம். விளைவைப் பெயர்ப்பலகையில் நாள்தோறும் படிக்கின்றோம். முகிற்றொழிலின் களி இன்னும் ஈரமாகவே இருக்கின்றது. இன்றே பொறியுங்கள்! இன்றிரவு நீங்கள் படைக்கும் முதல் வாயிலுக்குப் ‘பழமலை’ என்று பெயரிடுங்கள். பதினைந்து பைட்டில் அது பொருந்தும்.